தெரியாத ஒரு புரோகிராம் ஓடிக்கொண்டிருக்கிறது: அழிப்பதா, விடுவதா?

மாங்குளம் கடைக்காரி (திங்கள், இரவு 8.40)

எல்லோருக்கும் வணக்கம். மாங்குளம் சந்திக்குக் கிட்ட போட்டோக்கொப்பி, டைப்பிங் கடை வைத்திருக்கிறேன். கடையில் இருப்பது ஒரே ஒரு கொம்பியூட்டர். விண்டோஸ் 10, 4 ஜிபி ராம், பழைய ஹார்ட் டிஸ்க். இரண்டு கிழமையாக அது இழுபடுகிறது. ஒரு கடிதத்தைத் திறக்கவே ஒரு நிமிடம் பிடிக்கிறது, ஆட்கள் வரிசையில் நிற்கிறார்கள்.

இன்று பின்னேரம் சனம் குறைந்த நேரம் டாஸ்க் மனேஜரைத் திறந்து பார்த்தேன். 'கீமேப்32' என்று ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது. நான் போட்ட ஞாபகம் இல்லை. வெளியிட்டவர் பெயர் இருக்க வேண்டிய இடம் வெறுமையாகக் கிடக்கிறது. அந்தப் பெயரைக் கூகுளில் தேடினேன். முதலில் வந்த நாலைந்து பக்கமும் 'இது ஆபத்தானது, இந்த சொப்ட்வெயாரை இறக்கி உடனே அகற்றுங்கள்' என்றுதான் சொல்கின்றன. இறக்கப் போய், கடைசி நேரத்தில் மனம் கேட்காமல் விட்டுவிட்டேன்.

திருத்துகிற ஒருவரிடம் போனில் கேட்டேன். 'கொண்டு வாருங்கள், போமட் அடித்துத் தருகிறேன்' என்றார். எனக்கு அதுதான் பயம். இதற்குள் என் சாமான் மட்டும் இல்லை. பிறப்புச் சான்றிதழ், காணிப் பத்திரம், மரணச் சான்றிதழ் என்று ஊர்ச் சனத்தின் ஸ்கான் பிரதிகள் இருக்கின்றன. இடப்பெயர்வில் எல்லாவற்றையும் விட்டு ஓடிவந்து, பிறகு ஒவ்வொரு கந்தோராக ஏறி இறங்கித் திரும்ப எடுத்த பத்திரங்கள். 'பிள்ளை, உன்னட்டயும் ஒண்டு கிடக்கட்டும்' என்று விட்டுவிட்டுப் போனவர்கள் இருக்கிறார்கள். அவை போனால் நான் அவர்கள் முகத்தில் எப்படி விழிப்பது?

ஒரு புரோகிராம் நல்லதா கெட்டதா என்று என்னைப் போன்ற ஒருத்தி எப்படிக் கண்டுபிடிப்பது?

வவுனியா வாசி (திங்கள், இரவு 8.55)

தெரியாத புரோகிராம் என்றால் அது வைரஸ்தான் அக்கா. ரைட் கிளிக் பண்ணி டிலீட் அடியுங்கள். நான் எப்போதும் அப்படித்தான் செய்கிறேன்.

ஐசிடி ரீச்சர், கிளிநொச்சி (திங்கள், இரவு 9.20)

தயவுசெய்து இப்போது எதையும் அழிக்க வேண்டாம். விண்டோஸை நேற்றுப் போட்டாலும் டாஸ்க் மனேஜரில் நூறு பெயர் வரும். அதில் எத்தனை பெயர் நமக்குத் தெரியும்? எனக்குத் தெரியாது என்பதும் அது கெட்டது என்பதும் வேறு வேறு.

கூகுளில் வந்த பக்கங்களைப் பற்றி முதலில் சொல்கிறேன், ஏனென்றால் பலர் விழுவது அங்கேதான். எந்தப் பைலின் பெயரைத் தேடினாலும் அதே மாதிரி ஒரு பக்கம் வரும். பெயரை மட்டும் மாற்றி மாற்றி எழுதி வைத்திருப்பார்கள். அவர்கள் அந்தப் பைலைப் பார்த்ததே இல்லை. உங்களைப் பயப்படுத்தித் தங்கள் சொப்ட்வெயாரை இறக்க வைப்பதுதான் நோக்கம். நீங்கள் இறக்காமல் விட்டது நல்லது.

இனி அந்தக் கீமேப்32. அதன் மேல் ரைட் கிளிக் செய்து 'ஓபன் பைல் லொகேஷன்' கொடுங்கள். பெயரை எவரும் எப்படியும் வைக்கலாம், ஆனால் இருக்கிற இடம் நிறையச் சொல்லும். எஸ்விசிஹோஸ்ட் என்பது விண்டோஸின் சொந்தப் பைல், அது வழக்கமாக விண்டோஸ் போல்டருக்குள் சிஸ்டம்32இல்தான் இருக்கும். அதே பெயர் டெம்ப் போல்டரிலோ ஆப்டேட்டாவிலோ இருந்தால் யோசிக்க வேண்டும். பெயரில் ஓர் எழுத்தை இடம் மாற்றி எஸ்சிவிஹோஸ்ட் என்று வைப்பதும், ஓ எழுத்துக்குப் பதில் பூச்சியம் போடுவதும் பழைய தந்திரம்.

இடம் கிடைத்ததும் பைலின் ப்ரொப்பர்ட்டீஸைத் திறந்து, 'டிஜிட்டல் சிக்னேச்சர்ஸ்' (வெளியிட்டவர் யார் என்று காட்டுகிற மின் கையொப்பம்) என்ற தாவல் இருக்கிறதா, எப்போது உருவான பைல் என்று பாருங்கள். அந்தத் திகதியில் உங்கள் கடையில் என்ன நடந்தது என்று நினைத்துப் பாருங்கள். புதிதாகப் பிரின்டர் வாங்கினீர்களா, யாரும் ஏதும் போட்டுத் தந்தார்களா?

அதற்கு முன்னால் ஒன்று. சனத்தின் பத்திரங்களை வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றில் பிரதி எடுத்து வையுங்கள். படங்களும் பிடிஎப்பும் மட்டும் போதும். புரோகிராம்களைச் சேர்க்க வேண்டாம்.

புதுக்குடியிருப்பு (திங்கள், இரவு 9.50)

இடையில் கேட்பதற்கு மன்னிக்கவும். என் லப்டொப்பில் 'ஆன்டிமல்வெயார் சேர்விஸ் எக்ஸிகியூட்டபிள்' என்று ஒன்று அடிக்கடி 60 வீதம் வரை இழுக்கிறது. நிப்பாட்டவும் முடியவில்லை. இதுவும் வைரஸா?

ஐசிடி ரீச்சர், கிளிநொச்சி (திங்கள், இரவு 10.05)

இல்லைத் தம்பி, அது மைக்ரோசொப்ட் டிபென்டரேதான். ஸ்கான் செய்யும்போது அப்படி இழுக்கும், பழைய ஹார்ட் டிஸ்க் என்றால் இன்னும் கூட. வைரஸ் சும்மா வந்து நிப்பாட்டிவிடக் கூடாது என்பதற்காகத்தான் அதை எளிதில் நிப்பாட்ட விடுவதில்லை. விட்டுவிடுங்கள்.

பரந்தன் திருத்துநர் (திங்கள், இரவு 10.30)

நானும் திருத்துகிற ஆள்தான். போமட் என்று சொன்னவரைக் குறை நினைக்க வேண்டாம். போமட் அடித்து எல்லாம் போட்டுத் தர அரை நாள் காணும். எது கெட்டது என்று தோண்டித் தேடினால் இரண்டு நாளும் ஆகும், அந்த இரண்டு நாளுக்குக் காசு தர யாரும் ஆயத்தமில்லை. அதனால்தான் எல்லோரும் போமட் என்கிறோம். ஆனால் ஒன்று, எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் போமட் அடித்தால் அடுத்த கிழமை அதே பென் டிரைவால் அது திரும்ப வரும். அப்படித் திரும்பி வந்த மெஷின்களை நானே பார்த்திருக்கிறேன்.

மாங்குளம் கடைக்காரி (செவ்வாய், காலை 7.30)

ரீச்சர், நேற்றிரவே பார்த்தேன். பைல் சி டிரைவில் புரோகிராம் பைல்ஸ் போல்டருக்குள் தனியாக ஒரு போல்டரில் இருக்கிறது. கையொப்பத் தாவல் இல்லை. உருவான திகதி இரண்டு வருடத்துக்கு முந்தியது. அந்த மாதம்தான் தம்பி கொழும்புக்கு வேலைக்குப் போக முன் வந்து கடைக் கொம்பியூட்டரைச் சரிப்படுத்தித் தந்தான். அவன் என்னென்ன போட்டான் என்று அவனுக்கே இப்போது நினைவில்லை.

கையொப்பம் இல்லை என்றால் கெட்டதுதானே?

அறிவியல்நகர் மாணவன் (செவ்வாய், காலை 8.15)

அப்படி இல்லை அக்கா. கையொப்பம் போட வருடா வருடம் காசு கட்டிச் சான்றிதழ் வாங்க வேண்டும். தனி ஆட்கள் ஆர்வத்தில் எழுதி இலவசமாகக் கொடுக்கிற புரோகிராம்களில் பெரும்பாலும் அது இருக்காது. தமிழில் வந்த சின்னச் சின்னக் கருவிகள் பலவும் அப்படித்தான்.

வைரஸ்டோட்டல் என்று ஒரு தளம் இருக்கிறது. 2004இல் ஸ்பெயினில் தொடங்கியது, 2012இல் கூகுள் வாங்கியது. ஒரு பைலைக் கொடுத்தால் ஏறத்தாழ 70 வைரஸ் எதிர்ப்பு இயந்திரங்களிடம் காட்டி அவை சொல்வதை ஒரே பக்கத்தில் தரும். ஆனால் பைலை ஏற்றாதீர்கள். அங்கே ஏற்றுவது பாதுகாப்பு நிறுவனங்களோடு பகிரப்படும், காசு கட்டிய ஆய்வாளர்கள் அதைத் திரும்ப இறக்கவும் முடியும். புரோகிராம் என்றால் பெரிய பாதகமில்லை. உங்கள் கடையில் இருக்கும் காணிப் பத்திரம் ஒன்றைக் கூட 'இதில் வைரஸ் இருக்கிறதா பார்ப்போம்' என்று ஒருநாளும் ஏற்றிவிடக் கூடாது. பழக்கம் வந்துவிடும் என்பதால்தான் இப்போதே சொல்கிறேன்.

ஏற்றாமலே பார்க்கலாம். விண்டோஸில் கட்டளை அடிக்கிற பவர்ஷெல்லைத் திறந்து கெட்-பைல்ஹாஷ் என்று அடித்து, ஓர் இடைவெளி விட்டு, பைலை இழுத்து அதற்குள் போடுங்கள். 64 எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு நீள வரி வரும். அதுதான் அந்தப் பைலின் கைநாட்டு. பைலில் ஒரே ஒரு எழுத்து மாறினாலும் வரி முழுக்க மாறிவிடும். அந்த வரியை வைரஸ்டோட்டலின் தேடல் பெட்டியில் ஒட்டுங்கள். ஒன்றும் கிடைக்கவில்லை என்று வந்தால் நல்ல பைல் என்று எடுக்க வேண்டாம். யாரும் இதுவரை கொண்டுபோய்க் காட்டவில்லை, அவ்வளவுதான்.

மாங்குளம் கடைக்காரி (செவ்வாய், மதியம் 1.10)

சாப்பாட்டு நேரம் செய்து பார்த்தேன். வந்துவிட்டது தம்பி. 71இல் 5 சிவப்பு. சிவப்பில் இருக்கிற பெயர்களில் 'ஜெனரிக்', 'ஹியூரிஸ்டிக்' என்று வருகிறது. கை நடுங்குகிறது.

வவுனியா வாசி (செவ்வாய், மதியம் 1.25)

ஐந்து பேர் வைரஸ் என்று சொன்ன பிறகும் ஏன் யோசிக்கிறீர்கள்?

ரொறொன்ரோவில் இருந்து (செவ்வாய், இரவு 7.45)

நான் முன்னர் அச்சகத்தில் கணினித் தட்டச்சு செய்தவன். சொந்த இடம் ஒட்டுசுட்டான். பெயரைப் பார்த்ததும் ஒரு யோசனை வந்தது. தங்கச்சி, நீங்கள் கடையில் தமிழ் எப்படி அடிக்கிறீர்கள்? பாமினி விசைப்பலகையா?

பாமினியில் பழகிய கைக்கு, தமிழ் எழுத்துக்குத் தனிக் குறியீடு உள்ள யூனிகோட் என்றால் சங்கடம். பாமினி எழுத்துரு ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவத்தை வைத்துக் காட்டுகிறது. அதே விரல் பழக்கத்தோடு யூனிகோட் எழுத்து வர வேண்டும் என்றால் நடுவில் ஒரு கருவி வேண்டும். அது பின்னணியில் இருந்து, நீங்கள் அழுத்தும் ஒவ்வொரு விசையையும் பிடித்து, தமிழ் எழுத்தாக மாற்றிக் கொடுக்கும். கடவுச்சொல் திருடுகிற கீலொகரும் விசையைப் பிடிக்கிறது. அதனால் இரண்டையும் வெளியே இருந்து பார்க்கிற இயந்திரம் குழம்பும். அதிலும் ஓட்டோஹொட்கீ என்ற கருவியில் எழுதி எக்ஸியாக (தானே ஓடுகிற பைலாக) மாற்றியவற்றைப் பல வைரஸ் எதிர்ப்புகள் காரணமில்லாமல் சந்தேகப்படும். 71இல் 5, அதுவும் குறிப்பான பெயர் ஒன்றும் இல்லாமல் பொதுப் பெயர் என்றால், அவை 'எனக்கு இது பிடிபடவில்லை' என்று சொல்வதாக எடுக்கலாம். 40, 50 இயந்திரம் ஒரே குடும்பப் பெயரைச் சொன்னால் அது வேறு கதை.

ஒரு சின்னச் சோதனை. கடிகாரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் சின்னங்களில் அதைத் தேடி, எக்ஸிட் கொடுத்துவிட்டுத் தமிழ் அடித்துப் பாருங்கள். வேண்டுமானால் எனிடெஸ்க் போடுங்கள், நானே இங்கிருந்து உள்ளே வந்து பார்க்கிறேன்.

ஐசிடி ரீச்சர், கிளிநொச்சி (செவ்வாய், இரவு 8.10)

அண்ணா, உங்கள் நல்ல மனம் விளங்குகிறது. ஆனால் எனிடெஸ்க் மட்டும் வேண்டாம். எனிடெஸ்க் நல்ல புரோகிராம்தான், கையொப்பமும் உண்டு. அதைக் கொண்டுதான் வங்கியில் இருந்து கதைக்கிறோம் என்று சொல்லுகிறவர்களும் ஆட்களின் கொம்பியூட்டருக்குள் போகிறார்கள். முகம் தெரியாத ஒருவருக்குத் திரையைத் திறந்து கொடுக்கிற பழக்கத்தை நாங்களே இங்கே தொடங்கி வைக்கக் கூடாது. அந்தக் கொம்பியூட்டருக்குள் ஊர்ச் சனத்தின் பத்திரம் இருக்கிறது.

ரொறொன்ரோவில் இருந்து (செவ்வாய், இரவு 8.20)

நீங்கள் சொல்வது சரி ரீச்சர். எழுத்திலேயே சொல்கிறேன்.

மாங்குளம் கடைக்காரி (செவ்வாய், இரவு 9.00)

அண்ணா! எக்ஸிட் கொடுத்தேன், தமிழ் நின்றுவிட்டது. ஆங்கில எழுத்துதான் வருகிறது. திரும்பத் திறந்தேன், தமிழ் வந்துவிட்டது. இரண்டு வருடமாக நான் இதால்தான் கடிதம் அடித்துக்கொண்டிருக்கிறேன். நேற்றே அழித்திருந்தால் இன்று காலை கடையைத் திறந்து ஓர் எழுத்தும் அடித்திருக்க முடியாது.

அறிவியல்நகர் மாணவன் (செவ்வாய், இரவு 9.30)

நல்ல செய்தி. ஆனாலும் ஒரு படி மிச்சம் இருக்கிறது. நல்ல கருவியோடு கெட்டதைச் சேர்த்துக் கட்டிக் கொடுப்பவர்களும் உண்டு. தமிழ் அடிக்கிறது என்பதால் வேறொன்றும் செய்யவில்லை என்று ஆகாது. தம்பியிடம் எங்கிருந்து எடுத்தது என்று கேளுங்கள். அதை எழுதியவரின் சொந்தத் தளத்தில் இருந்து திரும்ப இறக்கி, இரண்டின் ஹாஷ் வரியையும் ஒப்பிட்டுப் பாருங்கள். அப்புறம் ரிசோர்ஸ் மொனிட்டரில் நெட்வேர்க் தாவலைத் திறந்து வைத்து அரை மணி வேலை செய்யுங்கள். எழுத்து மாற்றுகிற கருவிக்கு இன்டர்நெட்டில் ஒரு அலுவலும் இல்லை. அது அங்கே வரக் கூடாது.

மாங்குளம் கடைக்காரி (புதன், இரவு 8.15)

தம்பி, எழுதியவரின் தளத்தில் இருந்து எடுத்ததாகத்தான் கொழும்பில் இருக்கிற என் தம்பி சொல்கிறான். இறக்கிப் பார்த்தேன், 64 எழுத்தும் ஒன்றே. நெட்வேர்க்கிலும் அது இல்லை. அந்தப் பயம் தீர்ந்தது.

ஆனால் வேறு ஒன்று. ரீச்சர் சொன்னபடி இன்று கிளிநொச்சியில் புது ஹார்ட் டிஸ்க் வாங்கினேன். பெட்டியைப் பிரித்து, பிரதி எடுத்து, கழற்றித் திரும்பப் போட்டேன். நான் வைத்த போல்டர் எல்லாம் ஷோர்ட்கட் ஆக மாறிக் கிடக்கிறது. மூலையில் சின்ன அம்புக்குறி. இது ஆட்களின் பென் டிரைவில் நான் எத்தனையோ முறை கண்டது. 'உங்கள் பென் டிரைவில் வருத்தம் இருக்கிறது, புதிதாக வாங்குங்கள்' என்று அவர்களிடம் சொல்லி அனுப்பியிருக்கிறேன். இது புது டிஸ்க். பெட்டி பிரித்து ஒரு மணி நேரமும் ஆகவில்லை.

பத்திரங்கள் எல்லாம் போய்விட்டனவா?

ஐசிடி ரீச்சர், கிளிநொச்சி (புதன், இரவு 8.25)

போகவில்லை. தைரியமாக இருங்கள். இந்த வகை வைரஸ் உண்மையான போல்டரை மறைத்து வைத்துவிட்டு, அதே பெயரில் ஷோர்ட்கட்டைப் போடும். அந்த ஷோர்ட்கட்டைத் திறந்தால் போல்டரும் திறக்கும், கூடவே வைரஸும் ஓடும். போல்டர் திறந்துவிடுவதால் ஒருவருக்கும் சந்தேகம் வராது. எந்த ஷோர்ட்கட்டையும் தொடாதீர்கள். டிஸ்க்கைக் கழற்றி வையுங்கள். இன்டர்நெட்டையும் கழற்றுங்கள். போனில் இருந்து இங்கே எழுதுங்கள்.

டாஸ்க் மனேஜரில் 'டீடெய்ல்ஸ்' தாவலுக்குப் போய், மேலே தலைப்பு வரியில் ரைட் கிளிக் செய்து, 'செலக்ட் கொலம்ஸ்' கொடுத்து 'கமாண்ட் லைன்' என்பதைத் தெரிவு செய்யுங்கள். பிறகு டபிள்யூஸ்கிரிப்ட் என்று ஏதும் இருக்கிறதா பாருங்கள்.

மாங்குளம் கடைக்காரி (புதன், இரவு 8.50)

இருக்கிறது. அதை முதல் நாளே கண்டேன் ரீச்சர். மைக்ரோசொப்ட் என்று எழுதியிருந்ததால் நல்லது என்று விட்டுவிட்டேன். சிஸ்டம்32இல்தான் இருக்கிறது, கையொப்பமும் இருக்கிறது. ஆனால் இப்போது கமாண்ட் லைனில் பார்த்தால் அதற்குப் பின்னால் ஆப்டேட்டா, ரோமிங், அதற்குள் வாய்க்கு வராத பெயரில் ஒரு போல்டர், கடைசியில் விபிஎஸ் என்று முடிகிற ஒரு பைல்.

அறிவியல்நகர் மாணவன் (புதன், இரவு 9.05)

அதுதான். பெயர் சரி, இடம் சரி, கையொப்பம் சரி, ஆனாலும் கெட்ட வேலை நடக்கிறது. டபிள்யூஸ்கிரிப்ட் விண்டோஸின் சொந்தப் புரோகிராம், கட்டளைகளை எழுதி வைத்த ஸ்கிரிப்ட் பைல்களை வாசித்து ஓட்டுவதுதான் அதன் வேலை. ஏ9 வீதியில் ஓடுகிற பஸ்ஸுக்குப் பெர்மிட் இருக்கிறது, ரைவருக்கு லைசன்ஸ் இருக்கிறது. பின் சீட்டில் ஏறியவன் யார் என்று அந்தக் கடதாசிகள் சொல்லாது. அதனால்தான் கமாண்ட் லைனைப் பார்க்க வேண்டும். நாம் மூன்று நாளாகத் தமிழ் அடிக்கிற ஒரு அப்பாவியை விசாரித்துக்கொண்டிருந்தோம். நானும் இதை முதலே கேட்டிருக்க வேண்டும்.

விபிஎஸ் தந்திரம் இன்று நேற்று வந்தது அல்ல. 2000ஆம் ஆண்டு மே மாதம் உலகம் முழுக்கப் பரவிய 'ஐ லவ் யூ' வைரஸும் இதே வகை ஸ்கிரிப்ட். டிஎக்ஸ்டி என்று முடிவது போலக் காட்டி, பின்னால் விபிஎஸ் என்று மறைந்திருந்தது. விண்டோஸ் பைல் பெயரின் கடைசிப் பகுதியைத் தானாகவே மறைத்து வைப்பதால்தான் அது பலித்தது. பைல் எக்ஸ்ப்ளோரரில் 'வியூ' போய் 'பைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்' என்பதை இப்போதே தெரிவு செய்து வையுங்கள்.

பரந்தன் திருத்துநர் (புதன், இரவு 9.20)

டிபென்டர் ஏன் பேசாமல் இருந்தது என்று யாரும் கேட்கவில்லையே. இந்த விபிஎஸ் புழுக்கள் பழசு, வழக்கமாகப் பிடித்துவிடும். விண்டோஸ் செக்கியூரிட்டியைத் திறந்து, வைரஸ் பாதுகாப்பு அமைப்புகளில் 'எக்ஸ்குளூஷன்ஸ்' என்று கீழே இருக்கும். அதில் என்ன இருக்கிறது பாருங்கள்.

மாங்குளம் கடைக்காரி (புதன், இரவு 9.35)

சி டிரைவ் என்று மட்டும் ஒரு வரி இருக்கிறது அண்ணா. அதற்கு என்ன அர்த்தம்?

பரந்தன் திருத்துநர் (புதன், இரவு 9.50)

'சி டிரைவில் எதையும் பார்க்காதே' என்று காவல்காரனுக்குச் சொல்லி வைத்திருக்கிறார்கள். எம்எஸ் ஒபிஸை யாரும் காசில்லாமல் அக்டிவேட் பண்ணித் தந்தார்களா? அந்த அக்டிவேட்டரை டிபென்டர் பிடிக்கும். பிடிக்காமல் இருக்க இப்படி விலக்குப் போடுவார்கள். வேலை முடிந்த பிறகு எடுக்க மறந்துவிடுவார்கள், சிலர் வேண்டுமென்றே விடுவார்கள். எங்கள் தொழிலில் இது நிறைய நடக்கிறது, சொல்ல வெட்கமாக இருக்கிறது. நானும் முன்னர் செய்திருக்கிறேன். இப்போது கேட்பவர்களுக்கு லிப்ரே ஒபிஸ் போட்டுக் கொடுக்கிறேன். அது இலவசம், தமிழ் யூனிகோட்டும் சரியாக வருகிறது.

மாங்குளம் கடைக்காரி (புதன், இரவு 10.00)

ஓம் அண்ணா. போன வருடம் ஒருவர் வந்து ஒபிஸ் போட்டுத் தந்தார். அவரை இனி என்ன சொல்வது. இப்போது என்ன செய்ய வேண்டும், ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள்.

அறிவியல்நகர் மாணவன் (புதன், இரவு 10.25)

டாஸ்க் மனேஜரில் அந்த டபிள்யூஸ்கிரிப்டை மட்டும் 'என்ட் டாஸ்க்' கொடுத்து நிப்பாட்டுங்கள். விபிஎஸ் பைலை டபுள் கிளிக் பண்ணிவிடாதீர்கள். ரைட் கிளிக் செய்து 'எடிட்' கொடுத்தால் நோட்பாட்டில் எழுத்தாகத் திறக்கும். எனக்கு அதன் படம் மட்டும் தேவை, என்ன செய்கிறது என்று வாசித்துச் சொல்கிறேன்.

அடுத்தது அது எப்படித் தானாகத் தொடங்குகிறது என்று பார்க்க வேண்டும். மைக்ரோசொப்டின் சிஸ்இன்டேர்னல்ஸ் தொகுப்பில் ஓட்டோரன்ஸ் என்று ஒரு இலவசக் கருவி இருக்கிறது. மார்க் ருசினோவிச் என்பவர் தொடங்கிய தொகுப்பு, 2006இல் மைக்ரோசொப்ட் வாங்கியது. வேறு கொம்பியூட்டரில் மைக்ரோசொப்ட் தளத்தில் இருந்தே இறக்குங்கள், வேறு தளம் வேண்டாம். கொம்பியூட்டர் தொடங்கும்போது என்னென்ன தானாக ஓடுகிறது என்று எல்லா மூலை முடுக்கையும் அது காட்டும். அந்த விபிஎஸ் பெயர் எங்கெங்கே வருகிறதோ அங்கே முன்னால் இருக்கும் சரி அடையாளத்தை எடுத்துவிடுங்கள். முதலிலேயே டிலீட் வேண்டாம். சரி அடையாளத்தை எடுத்தது தவறாகப் போனால் திரும்பப் போடலாம்.

எக்ஸ்குளூஷன் வரியை நீக்குங்கள். பிறகு இன்டர்நெட்டைக் கொடுத்து, டிபென்டரை அப்டேட் பண்ணி, 'ஓப்லைன் ஸ்கான்' கொடுங்கள். கொம்பியூட்டர் நின்று, விண்டோஸ் வழக்கம்போலத் தொடங்காமலே ஸ்கான் நடக்கும். கால் மணி நேரம் அளவில் முடியும்.

மாங்குளம் கடைக்காரி (வியாழன், இரவு 8.30)

எல்லாம் செய்தேன். ஓட்டோரன்ஸில் இரண்டு இடத்தில் அந்தப் பெயர் இருந்தது, ஒன்று ஸ்டார்ட்டப்பில், மற்றது டாஸ்க் ஷெடியூலரில். ஓப்லைன் ஸ்கான் விபிஎஸையும், பழைய அக்டிவேட்டரையும் பிடித்தது. ஹார்ட் டிஸ்க்கில் போல்டர்கள் இன்னும் தெரியவில்லை. உங்களுக்கு நோட்பாட் படம் அனுப்பியிருக்கிறேன்.

ஐசிடி ரீச்சர், கிளிநொச்சி (வியாழன், இரவு 8.45)

டிஸ்க்கைப் போட்டு, எதையும் திறக்காமல், கமாண்ட் ப்ரொம்ப்டில் அந்த டிரைவின் எழுத்தை அடித்து உள்ளே போங்கள். அங்கே அட்ரிப் என்று அடித்து, பிறகு எச், ஆர், எஸ் மூன்றையும் கழித்தல் குறியோடு தனித்தனியாக அடித்து, நட்சத்திரக் குறி போட்டு, கடைசியில் சாய்கோடு எஸ், சாய்கோடு டி. மறைந்தவை வெளியே வரும். வந்த பிறகு அம்புக்குறி உள்ள ஷோர்ட்கட்களை மட்டும் அழியுங்கள். போல்டர்களை அழித்துவிடாமல் கவனம்.

மாங்குளம் கடைக்காரி (வியாழன், இரவு 9.10)

வந்துவிட்டன. எல்லாம் வந்துவிட்டன ரீச்சர். ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். உங்களுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை.

அறிவியல்நகர் மாணவன் (வெள்ளி, காலை 6.50)

படத்தை வாசித்தேன் அக்கா. இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். பென் டிரைவில் பரவுவது அதன் ஒரு வேலை. மற்ற வேலை, இடைக்கிடை வெளியே ஒரு முகவரியைக் கூப்பிட்டு, அங்கிருந்து வருகிற கட்டளையைச் செய்வது. அந்த முகவரி இப்போது உயிரோடு இல்லை. ஆனால் முன்னர் இருந்தபோது என்ன கட்டளை வந்தது, அது வேறு எதையும் கொண்டுவந்து போட்டதா என்று இப்போது எவராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஸ்கான் சுத்தம் என்று காட்டினாலும், அந்தக் கொம்பியூட்டரை நான் முழுதாக நம்ப மாட்டேன்.

அதனால் பரந்தன் அண்ணா முதல் நாள் சொன்ன போமட், இப்போது சரியான முடிவு. பத்திரங்கள் வெளியே பத்திரமாக இருக்கின்றன, எங்கிருந்து வந்தது என்று தெரியும், எந்தக் கருவி நல்லது என்றும் தெரியும். இவற்றில் ஒன்றும் திங்கட்கிழமை நம்மிடம் இருக்கவில்லை.

அந்தக் கொம்பியூட்டரில் அடித்த கடவுச்சொற்கள் எல்லாவற்றையும் போனில் இருந்து மாற்றுங்கள். வங்கி, மின்னஞ்சல், ரீலோட், எல்லாம். ஆட்கள் யாரும் உங்கள் கடையில் தங்கள் கணக்கைத் திறந்திருந்தால் அவர்களும் மாற்ற வேண்டும். ஏதும் காசு விஷயமாகச் சந்தேகம் வந்தால் ஸ்ரீலங்கா செர்ட்டுக்கு 101இல் அழைக்கலாம். 2006இல் இருந்து அரசாங்கத்தில் இதற்கென்றே இருக்கிற அமைப்பு அது.

பரந்தன் திருத்துநர் (வெள்ளி, காலை 7.20)

சனிக்கிழமை கொண்டு வாங்கோ தங்கச்சி. உங்கள் முன்னாலேயே போடுகிறேன். போமட் அடித்த பிறகு விண்டோஸ் ஸ்கிரிப்ட் ஹோஸ்டை, அதாவது அந்த டபிள்யூஸ்கிரிப்ட் வேலையை, விண்டோஸின் அமைப்புகள் இருக்கிற ரெஜிஸ்ட்ரியில் நிப்பாட்டி விடலாம், டைப்பிங் கடைக்கு அது தேவையில்லை. அடுத்த பென் டிரைவில் விபிஎஸ் வந்தாலும் ஓடாது. இன்னொன்று, விண்டோஸ் 10க்கு வழக்கமான ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. உங்கள் மெஷின் விண்டோஸ் 11ஐத் தாங்குமா என்று அன்றைக்கே பார்ப்போம். ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் எஸ்எஸ்டி ஒன்று போட்டால் மெதுவாக ஓடுவதும் தீரும். அந்த இழுபறியில் பாதிக்கு மேல் வைரஸ் காரணம் இல்லை, டிஸ்க் வயது போனதுதான்.

வவுனியா வாசி (வெள்ளி, காலை 8.00)

நான் முதல் நாள் சொன்னதை வாபஸ் வாங்குகிறேன் அக்கா. என் கொம்பியூட்டரிலும் எக்ஸ்குளூஷன்ஸ் பார்த்தேன். டி டிரைவ் முழுக்க விலக்கிக் கிடந்தது. இப்போது ஸ்கான் ஓடுகிறது.

மாங்குளம் கடைக்காரி (சனி, இரவு 9.45)

இன்று பரந்தனுக்குப் போய் வந்தேன். எஸ்எஸ்டி போட்டாயிற்று, விண்டோஸ் புதிது, லிப்ரே ஒபிஸ், பிறகு தளத்தில் இருந்து இறக்கிய அதே கீமேப்32. டிபென்டர் அதைப் பார்த்து ஒரு முறை முறைத்தது. அந்த ஒரு பைலுக்கு மட்டும் அனுமதி கொடுத்தோம், டிரைவுக்கு இல்லை.

கடை வாசலில் மட்டையில் எழுதி ஒட்டியிருக்கிறேன்: 'கடந்த சில மாதங்களில் இங்கே பென் டிரைவ் போட்டவர்கள் தயவுசெய்து திரும்பக் கொண்டு வாருங்கள். காசு இல்லை. உங்கள் பைல்கள் பத்திரம்.' எத்தனை மாதம் என்று எனக்கே தெரியாததால் அப்படி எழுதினேன். அதிலிருந்து இதுவரை பதினொரு பேர் வந்துவிட்டார்கள். பரந்தன் அண்ணா எனக்கு ஒரு பழைய லப்டொப்பில் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் போட்டுத் தந்திருக்கிறார். பென் டிரைவை முதலில் அதில்தான் போடுகிறேன், அங்கே இந்தப் புழு ஓடாது. மறைந்த போல்டர் எல்லாம் அதில் அப்படியே தெரிகிறது. பதினொன்றில் ஏழில் இருந்தது.

யாரெல்லாம் வந்தார்கள் என்று ரசீதுப் புத்தகத்தில் பார்த்து, நம்பர் உள்ளவர்களுக்கு எல்லாம் போன் எடுத்துவிட்டேன். ஒட்டுசுட்டானில் இருந்து வருகிற ஒரு ஐயா மட்டும் மிச்சம். மகனின் படங்கள் முழுக்க அந்தப் பென் டிரைவில்தான் வைத்திருக்கிறார், வேறு பிரதி இல்லை என்று என்னிடம் சொன்னவர். போல்டர் காணவில்லை என்று நினைத்து யாரும் அதை போமட் அடித்துக் கொடுத்துவிடக் கூடாது. அவரிடம் போன் இல்லை. நாளை காலை பஸ்ஸில் லப்டொப்பையும் கொண்டு போகிறேன்.